எஸ்தெஃபானியா ஆஸ்பத்திரியும் ஒரு இளம் ராஜாவும்: லிஸ்பன் நாட்குறிப்பு

நவம்பர் 3

சின்னவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நேற்று ராத்திரி 39 டிகிரியைத் தாண்டியதும் அள்ளிக்கொண்டு எஸ்தெஃபானியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விடியும்போது உடம்பு வேர்த்து, சூடு இறங்கியது. அவள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கையில் நர்ஸிடம் கேட்டேன், யார் இந்த எஸ்தெஃபானியா என்று. “எங்க ராணி. 22 வயசுல போய்ட்டாங்க. ராஜாவும் ரொம்ப நாள் இருக்கலை” என்றார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் குழந்தை வீறிட, போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு வரி மனதை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 5

அந்த ராஜா ஐந்தாம் பெட்ரோ. 1837 செப்டம்பர் 16-ல் பிறந்தவர். அம்மா இரண்டாம் மரியா, போர்ச்சுகலை ஆண்ட ராணி. 1853-ல் பதினோராவது பிரசவத்தில் 34 வயதில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது 16. இரண்டு வருஷம் அப்பா ஃபெர்னாண்டோ பொறுப்பில் இருந்தார். அந்த இடைவெளியில் பிள்ளை ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, 18 நிரம்பிய அன்றே ஆட்சியை ஏற்றார்.

1856 அக்டோபர் 28-ல் நாட்டின் முதல் ரயில் ஓடியது. லிஸ்பனிலிருந்து கர்ரெகாதோ வரை, 36 கிலோமீட்டர். அரண்மனை வாசலில் ஒரு பச்சைப் பெட்டி வைத்தாராம். குறை உள்ளவர்கள் எழுதிப் போடலாம், சாவி ராஜாவிடமே. நடுவில் யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று அந்த வயதில் தோன்றியிருக்கிறதே!

1857-ல் போப்புடன் இவர் ஆட்சியில் ஏற்பட்ட உடன்படிக்கையில் நம் மயிலாப்பூர் மறைமாவட்டமும் வருகிறது. அங்கே ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் முடியிடமே தொடர்ந்தது. சாந்தோம் பக்கம் எத்தனை தடவை போயிருக்கிறேன்; இந்த ராஜா பெயர் காதில் விழுந்ததே இல்லை.

நவம்பர் 7

இன்றெல்லாம் 1857-ஐத்தான் படித்தேன். காலரா வந்து போன கையோடு லிஸ்பனில் மஞ்சள் காய்ச்சல். ஐயாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கொசு கடித்துப் பரவுகிறது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. காற்றைக் கண்டே பயந்தார்கள். வசதி உள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். இருபது வயது ராஜா போகவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோயாளிகளின் கட்டிலருகே நின்றார்.

அவர் போனதால் யாருக்கும் நோய் குறைந்திருக்காது. ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது என்ன என்று நாலு நாள் முன்புதான் நான் பார்த்தேன். என் விரலை அவள் விடவே இல்லை.

நவம்பர் 8

1858 ஏப்ரல் 29. பெர்லினில், மாப்பிள்ளை பெட்ரோ இல்லாமலே பதில் ஆளை நிறுத்தி எஸ்தெஃபானியாவுக்குக் கல்யாணம். அதே தேதியில் போர்ச்சுகலில் ஓர் ஆணை: குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை 20 ஆண்டில் முடிவுக்கு வரும். இருபது ஆண்டு! அன்று அடிமையாக இருந்த ஒரு தாய்க்கு அது ஆயுள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு, மொசாம்பிக் கடலில் ஆப்பிரிக்கர்களை ஏற்றியிருந்ததற்காகப் போர்ச்சுகல் பிடித்து வைத்த ‘சார்ல் எ ஜார்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலைக் கேட்டு பிரான்ஸ் லிஸ்பனின் தேஜோ நதிக்கே போர்க்கப்பல்களை அனுப்பியது. கப்பலைத் திருப்பிக் கொடுத்து நஷ்ட ஈடும் கட்ட வேண்டியதாயிற்று.

புது ராணி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே வார்டில் கிடப்பதைப் பார்த்துத் தவித்திருக்கிறார். குழந்தைகளுக்கென்று தனி இடம் வேண்டும் என்று கேட்டார். 1859 ஜூலை 17, பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள், தொண்டை அடைப்பானில் இறந்தார். கல்யாணமாகி 15 மாதம்கூட ஆகவில்லை. அவர் கேட்டதைக் கட்டும் வேலையை ராஜா தொடங்கினார். திறந்தது 1877-ல், அதே ஜூலை 17-ல். ராஜா அதைப் பார்க்கவில்லை.

நவம்பர் 11

இன்று சாவ் மார்த்தின்யோ திருநாள். தெருவெல்லாம் செஸ்ட்நட் சுடும் புகை. கொட்டையின் ஓட்டில் ஒரு கீறல் போட்டு, உப்புத் தூவிச் சுடுகிறார்கள். வெந்ததும் ஓடு சாம்பல் பூசினாற்போல் வெளுத்துவிடுகிறது.

1861-ல் இதே நாளில்தான் பெட்ரோ போனார். அலென்தேஜோ பயணம் போய் வந்ததும் டைபாய்டு. தம்பி ஃபெர்னாண்டோ 15 வயதில் 6-ம் தேதியே போயிருந்தான். அண்ணனுக்கு 24. டிசம்பரில் இன்னொரு தம்பி ஜோவாவும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஜனங்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். முடி மற்றொரு தம்பி லூயிஸுக்குப் போனது.

சின்னவளுக்கு உடம்பு தேறிவிட்டது. சாவ் விசென்தே தெ ஃபோரா மடத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய சாப்பாட்டுக் கூடத்தில் அரச குடும்பத்தின் கல்லறைகள். பெட்ரோவும் எஸ்தெஃபானியாவும் இங்கேதான். “இவங்களுக்குப் பாப்பா இல்லையாம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினாங்களா?” என்றாள். கையிலிருந்த பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஓடு உரித்துக் கொடுத்தேன்.