தெளிந்த தண்ணீர் சோதனையில் தேறாத கதை

கூரையில் விழும் மழைநீரை 6,000 லிட்டர் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அந்த நீரை முதன்முதலாகப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நிறமோ வாடையோ இல்லாமல் பளிங்குபோல் இருந்ததால், அதுவரை அந்த எண்ணமே எழவில்லை. ஆய்வக அறிக்கையோ 100 மில்லி லிட்டரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமிகள் 14 இருப்பதாகக் கூறியது. குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நான் மாதிரி எடுத்த முறையில்தான் பிழை என்று முதலில் நினைத்தேன், நினைக்கவே விரும்பினேன். எனவே இரண்டாம் முறை குழாய் வாயை நன்றாகத் துடைத்து, சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய குப்பியின் உள்பக்கத்தில் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தேன். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆகவே, குறை தொட்டிக்கோ அதற்கு வரும் வழிக்கோ உரியது என்பது உறுதியாயிற்று.

கூரையிலிருந்து தொடங்கி நீர் வரும் வழியே இறங்கிப் பார்த்தேன். கூரையோரக் கால்வாயில் சருகும் பறவை எச்சமும் இருந்தன. அவை எந்த வீட்டிலும் இருப்பவைதாம். அவற்றைத் தொட்டிக்குள் விடாமல் தடுப்பதற்காகவே, முதல் மழைநீரை ஒதுக்கும் குழாய் ஒன்றை நிறுவியிருந்தோம். கூரையைக் கழுவி வரும் அழுக்கு நீர் முதலில் இந்தச் செங்குத்துக் குழாயை நிரப்பும். நிரம்பியதும் மிதக்கும் பந்து அதன் வாயை அடைக்க, பின்னர் வரும் நீர் தொட்டிக்குத் திரும்பும். மழை ஓய்ந்த பின், அடியிலுள்ள சிறு துளை வழியே குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்து அடுத்த மழைக்கு ஆயத்தமாகும். இந்த ஏற்பாட்டை ஒருமுறைகூட நான் சோதித்ததில்லை. மழையில்லாத ஒரு நாளில் மேலே ஏறி, வாளியால் அளந்து தண்ணீரை ஊற்றினேன். முதல் வாளியே நேராகத் தொட்டிக்குப் போயிற்று.

அடி மூடியைத் திறந்தபோது கறுத்து நாறிய குழம்பு கொட்டியது. துளை எப்போதோ அடைபட்டு, குழாய் ஓயாமல் நிரம்பியே இருந்திருக்கிறது. அதைவிட உறுத்தியது அளவுக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் கூரை 80 சதுர மீட்டர். குறைந்தது அரை மில்லிமீட்டர் மழையையாவது ஒதுக்க வேண்டுமென்றால் 40 லிட்டர் பிடிக்க வேண்டும். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டரே கொள்ளும் என்பதால், எங்கள் இரண்டரை மீட்டர் குழாய் அடைப்பே இல்லாவிட்டாலும் தேவையில் பாதியைத்தான் ஒதுக்கியிருக்கும். அதே உயரத்துக்கு ஆறு அங்குலக் குழாயைப் பொருத்தியதும் 45 லிட்டர் கிடைத்தது.

தொட்டியைக் காலி செய்து பார்த்தபோது அடியில் இரண்டு விரற்கடை வண்டல். மேலிருந்து விழும் நீர் ஒவ்வொரு மழையிலும் அதைக் கலக்கிவிட்டிருக்க வேண்டும். எனவே உள்வரும் குழாயை அடிவரை நீட்டி, அதன் வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டோம். மூடிய தொட்டிக்குள் இறங்குவது ஆபத்தானது. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்ட பிறகு, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டுதான் தேய்த்துக் கழுவினோம். வண்டல் கிடந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும் என்பதால், கழுவுவதற்கு முன் மருந்து இடுவது வீண். தொட்டி மீண்டும் நிரம்பியதும், வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை, அதாவது திரவ குளோரின் மருந்தை, 600 மில்லி ஊற்றினேன். அது லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆகிறது. ஒரு நாள் கழித்தும் நீரில் குளோரின் எஞ்சியிருந்ததைச் சோதனைத் தாள் காட்டியது.

அன்றே மாதிரி அனுப்பியிருந்தால் நல்ல அறிக்கை வந்திருக்கும். ஆனால் அது குளோரினைப் பற்றிய அறிக்கையாக இருக்குமே தவிர, அமைப்பைப் பற்றியதாக இருக்காது. எனவே அந்த நீரைச் செலவழித்து, இரண்டு நல்ல மழைக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த நீரை அனுப்பினேன். ஈ.கோலை இல்லை, மண்ணிலும் சருகிலும்கூட இருக்கும் பொதுவான கோலிஃபார்ம் கிருமிகள் மட்டும் சிறிதளவு இருந்தன. ஆகையால் குடிக்கும் நீரை இன்னும் கொதிக்க வைத்தே பயன்படுத்துகிறோம். ஆய்வகச் சோதனைகளுக்கு இடையில், நீரை ஊற்றி, மாசால் அது கறுக்கிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறது. அது கிருமிகளை எண்ணிச் சொல்லாது என்றாலும் எச்சரிக்கைக்குப் போதும். ஒவ்வொரு மழை ஓய்ந்த மறுநாளும் ஒதுக்குக் குழாயைத் தட்டிப் பார்க்கிறேன். வடிந்திருந்தால் ஓசை வெறுமையாகக் கேட்கும்.