655 பேருக்கு மேல் போனால் விழும்

"ரெண்டு நாள்ல முடியுமா?" என்று மேனேஜர் கேட்டார். யோசிக்காமல் முடியும் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி ரெண்டு நாளில் முடிக்கவும் முடித்தேன், அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அதையே உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

வேலை இதுதான். குழுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் போடும் ஒரு லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு, சி மொழியில் எழுதியது, இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பது. எழுதியவர் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். ராத்திரி மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகளை எல்லாம் பைத்தான் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கணக்கை மட்டும் பழைய லைப்ரரியே போடட்டும், பைத்தான் அதைக் கூப்பிட்டு விடையை வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

கணக்கையும் பைத்தானிலேயே எழுதிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கு முன்னால் ஒருவர் எழுதியும் பார்த்திருந்தார். அங்கங்கே ஒரு ரூபாய் இடித்தது. 1042.50 என்று வந்தால் சி-யின் ரவுண்ட் ஃபங்ஷன் 1043 ஆக்கும், பைத்தான் 3-ன் ரவுண்ட் 1042 ஆக்கும், ஏனென்றால் சரிபாதியில் நின்றால் பைத்தான் பக்கத்திலிருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும். இரண்டுமே தப்பில்லை, ஆனால் ஒரு ரூபாய் இடித்தால் கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். இது கண்ணில் பட்ட ஒன்று, படாதது எத்தனையோ. அதனால் ஓடுகிற கணக்கைத் தொடாதே என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று சிரித்தவர்கள் எல்லாம் தினமும் சைபை என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள்தான். அதில் ஒரு மேட்ரிக்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் அடியில் வேலை செய்வது லாப்பேக் என்ற லைப்ரரி, 1992-ல் முதலில் வெளிவந்தது, ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதியது. அவர்களும் பழசைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமல்.

சரி, கதைக்கு வருகிறேன். சி லைப்ரரியைக் கூப்பிடுவதற்கென்று பைத்தானோடு கூடவே சிடைப்ஸ் என்று ஒன்று வருகிறது, 2006-ல் வந்த 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. லைப்ரரி ஃபைலைக் காட்டினால் திறந்துகொள்ளும், அப்புறம் புள்ளி வைத்து ஃபங்ஷன் பெயரை எழுதினால் ஓடிவிடும், கம்பைல் செய்யும், அதாவது மெஷின் மொழிக்கு மாற்றும், வேலைகூட இல்லை. பத்துப் பேர் இருக்கும் ஒரு சின்னப் பட்டியலைக் கொடுத்தேன், பிரீமியம் வந்தது, பழைய விடையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போனது. ஐம்பது பேர், இருநூறு பேர், எல்லாம் சரி. பக்கத்து சீட்டுத் தம்பி மட்டும் "அண்ணா, என் மெஷின்ல எடுத்த எடுப்புலயே விழுதுண்ணா" என்றான். அவன் லேப்டாப்பில் எப்போதும் ஏதாவது ஒன்று கோளாறாகத்தான் இருக்கும், அதனால் உன் செட்டப்பைப் பாருடா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சர்வருக்குப் போன நான்காம் நாள் ராத்திரி பேட்ச் விழுந்தது. லாக்கில் ஒரு வார்த்தை இல்லை, 139 என்ற எண் மட்டும். 128-ஓடு 11, அதாவது 11-ஆம் சிக்னல், செக்மெண்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் வந்த சாவு. பைத்தானிலேயே இருந்து பழகியவனுக்கு இது ஒரு மாதிரி அநாதையான உணர்வு. பைத்தான் செத்தால் எந்த ஃபைல், எந்த வரி, என்ன காரணம் என்று மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் சாகும். சி-க்குள் போய் விழுந்தால் அதுகூடக் கிடையாது. ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற பைத்தான் வசதியை ஆன் செய்து திரும்ப ஓட்டிய பிறகுதான் பைத்தான் பக்கம் எந்த வரியில் நின்றது என்பதாவது தெரிந்தது. 900 பேர் இருக்கும் ஒரு குழு.

பட்டியலை வெட்டி வெட்டி ஓட்டிப் பார்த்தேன். 650 பேர் என்றால் ஓடுகிறது, 700 என்றால் விழுகிறது. இடையில் தேடிப் போனால் 655-ல் வந்து நிற்கிறது, ஆனால் அதுவும் கறாராக இல்லை, சில தடவை 660 கூடப் போய்விடும், பத்து நிமிடம் கழித்து அதே 660 விழும். இதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. லைப்ரரிக்குள் எங்கேயோ ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, எழுதியவருக்கே போன் போட்டேன்.

"வரம்பெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பன்னெண்டாயிரம் பேருக்கே ஓட்டியிருக்கோம். ஒரு ஆளுக்கு 200 பைட், மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே மாலக். நீ திருப்பி என்ன வாங்குற, அதைப் பாரு முதல்ல."

மாலக் என்பது சி-யில் மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன். போனை வைத்துவிட்டுப் பெருக்கிப் பார்த்தேன். 655 பேருக்கு 1,31,000 பைட். 656 பேருக்கு 1,31,200. நடுவில் இருப்பது 1,31,072, அதாவது 128 கேபி. லினக்ஸில் மாலக்கிடம் 128 கேபி-க்குள் கேட்டால் ஹீப் என்ற வழக்கமான மெமரிப் பகுதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அதற்கு மேல் கேட்டால், ஹீப்பில் ஏற்கெனவே இடம் கையிருப்பு இருந்தாலொழிய, எம்மேப் என்ற இன்னொரு வழியாக வேறொரு மூலையில் தனி இடம் வாங்கிக் கொடுக்கும். அந்தக் கையிருப்பால்தான் 660 சில நாள் தப்பித்தது. எங்கள் சர்வரில் இருந்த பைத்தான் பழைய முறையில் கட்டியது, அதன் ஹீப் கீழ் முகவரிகளில் இருக்கும், ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில், 8 இலக்கத்துக்குள் அடங்கிவிடும். எம்மேப் கொடுக்கும் முகவரியோ 12 இலக்கம். ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் நிறுத்திப் பார்த்தால் லைப்ரரி திருப்பிக் கொடுத்தது 12 இலக்கம், என் பைத்தான் நிரல் கையில் வைத்திருந்தது அதில் கடைசி 8 மட்டும்.

தப்பு என்னுடையது. கம்பைல் ஆன லைப்ரரி ஃபைலில் ஃபங்ஷனின் பெயர் இருக்கும், அது என்ன வாங்கும், என்ன கொடுக்கும் என்பது இருக்காது. அதெல்லாம் ஹெட்டர் ஃபைலில் இருக்கிறது, ஹெட்டரைப் படிப்பது சி கம்பைலர், சிடைப்ஸ் அந்தப் பக்கமே போகாது. நாம் சொல்லாவிட்டால் எந்த ஃபங்ஷனும் ஒரு இன்ட், அதாவது முழு எண்தான் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்ளும். இன்ட் 32 பிட், அதாவது 8 ஹெக்ஸ் இலக்கம்தான் கொள்ளும். மெமரி முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் 64 பிட். 32 பிட் மெஷின் காலத்தில் இரண்டும் ஒரே அளவு, அதனால் சொல்லாமல் விட்டாலும் காலம் ஓடியது. இப்போது அது எஸ்டிடி கோடு இல்லாமல் எட்டு இலக்கத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்ட கதை. உள்ளூர் நம்பராக இருக்கும்வரை லைன் கிடைக்கும், தப்பாக எழுதியிருக்கிறோம் என்றே தெரியாது. வெளியூர் நம்பர் வந்த அன்றைக்கு யார் வீட்டிலோ போய் மணி அடிக்கும்.

தம்பி லேப்டாப்பில் இருந்த பைத்தான் புது முறையில் கட்டியது, அதில் ஹீப்பே மேல் முகவரிகளில்தான் இருக்கும். அவனுக்கு எல்லாமே வெளியூர். முதல் நாளே அவன் மெஷின் உண்மையைச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

ரெஸ்டைப் என்று ஒரு வரி எழுதி, திரும்பி வருவது பாயிண்டர் என்று சொன்னேன். திரும்பவும் விழுந்தது. வாங்கும்போது 12 இலக்கமும் சரியாக வந்தது, அதையே அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது சிடைப்ஸ் மறுபடி இன்ட் ஆக்கி வெட்டிவிட்டது. போகும் வழிக்கு ஆர்க்டைப்ஸ் என்று இன்னொரு வரி. மொத்தம் இரண்டு வரி, ஒன்பது நாள்.

அடுத்து மாதக் கடைசியில் ஒரு ராத்திரி 137 என்று வந்தது. இது வேறு சாவு, மெமரி தீர்ந்துபோய் லினக்ஸின் மையமான கர்னலே கொன்றுவிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் கணக்குப் போட்ட விவரத்தை லைப்ரரி ஒரு ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகத் தரும், ஏறக்குறைய நாலு கேபி. இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ரெஸ்டைப்பில் ஸ்ட்ரிங் என்றே சொல்லியிருந்தேன். சிடைப்ஸும் ரொம்ப உதவியாக அதைப் பைத்தான் பைட்ஸாக நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலப் பாயிண்டரைக் கடாசிவிடும். மூலம் லைப்ரரியின் மாலக்கில் வாங்கியது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நான், ஆனால் கொடுக்க முகவரி என் கையில் இல்லை. மூன்று லட்சம் பேருக்கு ஓட்டினால் 1.2 ஜிபி, சர்வரில் இருந்ததே இரண்டு.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் என்றைக்காவது ஒருநாள் வீடு வந்து சேரும், பெரும்பாலும் உள்ளே ஏதாவது இனிப்போடு. மெமரியில் பேர் வெட்ட முடியாது. யார் வாங்கியது, யார் திருப்பவேண்டும் என்பதை ஹெட்டரில் ஒரு கமெண்டாக எழுதி வைத்தால் உண்டு. லைப்ரரியை எழுதியவர் அப்படி எழுதியிருந்தார், பாவம், "இதை எங்கள் ஃப்ரீ ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடுவிக்கவும்" என்று. சி எழுதுகிறவன் என்றால் படித்திருப்பான். நான் பைத்தான் ஆள், விடுவிப்பது என் வேலை என்ற நினைப்பே வரவில்லை. இப்போது வெறும் பாயிண்டராகவே வாங்கி, நகலை நானே எடுத்து, அப்புறம் அவர்களுடைய ஃப்ரீயைக் கூப்பிடுகிறேன்.

மூன்றாவதாக ஒன்று, இது நம்ம ஊர்ப் பிரச்சினை. புது விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் நிரப்பலாம் என்று ஆக்கினார்கள். லைப்ரரியில் பெயருக்கு ஒதுக்கியது 32 பைட், முடிவுக் குறிக்கு ஒன்று போக 31. சோதனைக்கு "தமிழ்ச்செல்வி" என்று போட்டேன். நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி, ஆக 13. அதை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 39. உள்ளே போய்த் திரும்பி வரும்போது "தமிழ்ச்செல" வரைக்கும் வந்து, ல்-லின் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அரைப் புள்ளிகூட இல்லாததை வைத்துக்கொண்டு பைத்தான் என்ன செய்யும், டீகோட் எரர் என்று கத்தியது. நல்லவேளை, கத்தவாவது செய்தது. ஒதுக்கியது 31 ஆக இருந்திருந்தால் வெட்டு எழுத்தின் எல்லையில் சரியாக விழுந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் பாலிசியில் "தமிழ்ச்செல" என்றே அச்சாகியிருக்கும்.

திரும்பவும் அவருக்குப் போன். "அப்பல்லாம் பேரு இங்கிலீஷ்லதானேப்பா வரும்" என்றார், அதுவும் நியாயம்தான். ஒரு ஆளின் விவரங்களை அடுக்கி வைக்கும் ஸ்ட்ரக்சரில் இடத்தைக் கூட்டினால் அதைத் தொடும் மற்ற புரோகிராம்களை எல்லாம் திரும்ப கம்பைல் செய்யவேண்டும், அந்த வம்பு வேண்டாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பிதான் கேட்டான், "பிரீமியம் போட பேரு எதுக்குண்ணா?" என்று. எதற்கும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் ஒரு வரிசை எண்ணை வைத்து அனுப்புகிறோம், திரும்பி வந்ததும் பைத்தானில் பெயரோடு சேர்த்துக்கொள்கிறோம்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு லைப்ரரிகளுக்கு இதே வேலை வந்தது. எழுதி முடித்ததும் முதலில் ஓட்டுவது அவன் மெஷினில்தான். போன மாதம் புது லேப்டாப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வந்தால் பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.