தேய்ந்துபோன ஸ்டிக்கர்

வேலூர் சத்துவாச்சாரி வெயிலுக்குப் பலியானதோ, வயதாகிப் போனதோ, பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் சித்திரையில் உயிரை விட்டது. காட்பாடிக்குப் போய், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க் ஒன்று வாங்கி வந்து மாட்டி, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 10-ஐ ஏற்றினேன். உரிமத்தைக் காட்டும் சாவி எண் கேட்டது.

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மடிச்சூட்டில் தேய்ந்து வெளிறியிருந்தது. ஐந்தைந்தாக 25 எழுத்துகள். அப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தேன். அது 'பி'யா, 8-ஆ? 'ஜி'யா, 6-ஆ? மாற்றி மாற்றி ஒன்பது முறை அடித்தேன். ஒன்பது முறையும் செல்லாது என்றது.

"என்னடா, லாட்டரி முடிவு பார்க்கிறாயா?" என்றார் அப்பா.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இது விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஆயிற்றே!"

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் 7-இலிருந்து 10-க்கு இலவசமாக மாறியவன் நான். அப்படி மாறிய கணினியின் உரிமம் ஸ்டிக்கரில் இல்லை. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டை அடையாளமாக வைத்து இணையத்தில் பதிவாகியிருக்கிறது. டிஸ்க் மாறினாலும் அது போகாது. போதாக்குறைக்கு, என் உரிமம் விண்டோஸின் 'ஹோம்' பதிப்புக்கு; நானோ அந்த இடத்தில் 'புரோ' பதிப்பை ஏற்றியிருந்தேன். பெரியதாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்!

மறுபடி முதலிலிருந்து. ஹோம். 'சாவி இல்லை' என்பதை அழுத்தினேன். வைஃபை கிடைத்த சில நிமிடங்களில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பது வேறு கதை.

பூதக்கண்ணாடியை அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.