ஓவியத்துக்கு விலை சொல்லுதல்

வரைவதைத் தொழிலாக எடுத்தவரிடம் சொந்தக்காரர்கள் ‘மாசம் எவ்வளவு வருது?’ என்று கேட்பதில் தப்பில்லை. வாடகையும் பால் கணக்கும் மாதாமாதம் வருகின்றன. படமோ ஒரு மாதம் நான்கு விற்கும், அடுத்த மூன்று மாதம் ஒன்றும் விற்காது. தொழிலை விட்டுப் போகிறவர்களில் பலர் கைத்திறன் போதாமல் போவதில்லை; இந்த மேடுபள்ளத்தைத் தாங்க முடியாமல்தான் போகிறார்கள்.

சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் இதே நெருக்கடி இருந்தது. பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் தோய்த்தது) கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். சோற்றுக்கு பாத்திக் இருந்ததால் சொந்த ஓவியத்தை, வாங்குகிறவர் ருசிக்கு வளைக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வரைவதையும் பிள்ளைகளுக்கு ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளுக்குச் சொல்லித் தருவதையும் தாழ்வாகப் பார்ப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். வீட்டார் ஆசைப்படும் அரசு வேலையும் எளிதல்ல: 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவிய ஆசிரியர்களும் உண்டு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

பெரும்பாலானோர் சறுக்குவது விலையில். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டுச் செலவு 22,000, அறை வாடகை, போன், பொருட்கள் 8,000, வேலையில்லாத மாதத்துக்கு ஒதுக்குவது 6,000, ஆக 36,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அதில் பாதி போன் பேச, பொருள் வாங்க, பேக்கிங் செய்ய, பாக்கி கேட்டு அலையப் போய்விடும். வரைய மிஞ்சுவது 100. எனவே மணிக்கு 360 ரூபாய். ஏ3 தாளில் இரண்டு முகம், பென்சில், 12 மணி நேரம் பிடித்தால் 4,320. ஃபிரேமும் கூரியரும் தனி. இன்ஸ்டாகிராமில் யாரோ 1,500 கேட்கிறார் என்று நீங்களும் 1,500 கேட்டால் மணிக்கு 125தான். மாதம் முழுக்க வேலை இருந்தாலும் 12,500. அறைக்கும் பொருளுக்கும் போக, வீட்டுக்கு 4,500. வேலை குவிந்தும் கடன் ஏறுவது இப்படித்தான்.

வரும் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து ஒன்றாம் தேதி ஒரே தொகையை வீட்டுக்கு மாற்றுங்கள். நல்ல மாதத்திலும் கூட்டாதீர்கள். வரி வராவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுங்கள். பதிப்பகங்கள் பணம் தரும்போதே வரியாகப் பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்கும். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கி கேட்பதும் அந்தத் தாளைத்தான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதற்கு மரியாதை உண்டு, சிரிப்பாக இருந்தாலும்.

முகப்பட ஆர்டர்களில் பாதி, இறந்துபோனவர்களுடையது. ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த பழைய படத்தை வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அது நசுங்கி வந்து கண்ணில் விவரமே இருக்காது. போட்டோவாக இல்லாமல் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் மூலப்படத்தையே வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். மகனுக்கு நினைவிருக்கும் முகம் ஒன்று, மகளுக்கு வேறொன்று. அதனால் கோட்டு வரைவிலேயே குடும்பத்தார் எல்லாரிடமும் காட்டிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் இரண்டு திருத்தம் இலவசம், நிழல் போட்ட பிறகு காசு. பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்புவதற்கு முன். ‘நம்ம பையன்தானே’ என்று வரும் மாமாக்களுக்கும் இதே விதிதான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு படம் பரிசாகக் கொடுத்துவிடலாம், அதோடு சரி. ஃபிரேமுக்குள் தாள் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, நடுவே இடைவெளி விட மவுன்ட் போர்டு என்ற தடித்த அட்டை வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, பழி உங்கள் மேல் விழும். வெளியூர் போகிற ஃபிரேமுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடுங்கள்.

பள்ளி, உணவகச் சுவர் வேலைகளில் கையில் பணம் நிற்கும். சதுர அடிக் கணக்கில் பேசும்போதே சாரக்கூலி யாருடையது என்று கேட்டுவிடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போனால் லாபத்தை அதுவே தின்றுவிடும். புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் வரைந்தால் உப்புப் பூத்து, படம் செதில் செதிலாக உரியும். குறைந்தது நான்கு வாரமாவது விடவேண்டும். திறப்பு விழா தேதி வைத்துவிட்டோம் என்று அவசரப்படுத்துவார்கள். ஈரத்தை விரலால் தொட்டுக் காட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மறுத்துவிடுவது நல்லது. வெளிச்சுவரென்றால் பிரைமர் அடித்து, எக்ஸ்டீரியர் எமல்ஷன்தான். சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வேலையை நம்பக் கூடாது. அந்த இரண்டு மாதச் செலவை முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும்.

பதிப்புரிமையை அனேகமாக யாரும் படிப்பதில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். புத்தக அட்டைக்கென்று கொடுத்த படம் நாட்காட்டியிலும் பையிலும் வந்தால் கேட்க வழியில்லாமல் போகலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா முழுதும் என்று 19ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. படைத்தவர் என்று பெயர் கோருவதும், மதிப்பைக் குலைக்கும் சிதைவைத் தடுப்பதும் 57ஆம் பிரிவால் உங்களிடமே இருக்கும். எனவே முன்பணம் வாங்கும் முன் ஒரு மின்னஞ்சல்: ‘இந்தப் படம் இந்த நூலின் அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும், பதிப்புரிமையும் மூலப்படமும் ஓவியருக்கே, வேறு பயன்பாட்டுக்குத் தனித் தொகை.’ எதிர்த்தரப்பு ‘சரி’ என்று பதில் அனுப்பிய பிறகு பென்சிலை எடுங்கள்.