சேகோ மில்லு கழிவுத்தண்ணியில கேஸ் பிளான்ட் போட்ட அனுபவம்

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் சின்ன சேகோ மில்லு, அதாவது ஜவ்வரிசி ஆலை, எங்களோடது, நானும் பெரியப்பா பையனும் சேர்ந்து நடத்துறோம். கழிவுத்தண்ணியில கேஸ் எடுக்குற பிளான்ட் போட்டதுல இருந்து தெரிஞ்ச மில்லுக்காரங்க நெறைய பேர் போன் பண்ணி கேக்குறாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதிதான் சொல்ல முடியுது, அதனால ஆரம்பத்துல இருந்து எழுதிடுறேன். படிக்கிறவங்க யாராவது போட்டா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இந்தத் தொழில் தெரியாதவங்களுக்காக ஒரு நாலு வரி. மரவள்ளிக்கிழங்கு லோடு வரும், மாவுச்சத்து எவ்வளவுன்னு பாயிண்ட் பாத்து எடை போட்டு எறக்குவோம், தோலை உரிச்சு கழுவி அரைச்சு சல்லடையில விட்டா பால் தனியா சக்கை தனியா பிரியும். அந்தச் சக்கைக்குப் பேரு திப்பி, காயவெச்சு மாட்டுத்தீவனத்துக்குப் போயிடும். பாலை டேங்க்ல தேக்கி வெச்சா மாவு அடியில படியும், மேல நிக்கிற தண்ணிய தெறந்து விட்டுட்டு ஈர மாவை எடுத்து உடைச்சு, குலுக்கி குருணையாக்கி, வறுத்து களத்துல காயப்போடுறதுதான் ஜவ்வரிசி. 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கூட கெடச்சுது, 1981ல இருந்து மில்லுக்காரங்களோட சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் இருக்கு, பேரும் பெருமையும் எல்லாம் இருக்குது. ஆனா அந்த தெறந்து விடுற தண்ணி இருக்கே, அதைப் பத்திதான் யாரும் பேசமாட்டாங்க.

பழைய முறையில ஓடுற மில்லுல ஒரு டன் ஜவ்வரிசிக்கு சாதாரணமா 30,000, 40,000 லிட்டர் கழிவுத்தண்ணி வரும். புளிப்பு, காரத்தைக் காட்டுற பிஎச் (7ன்னா நடுநிலை) 4.5, 5ன்னு புளிச்சுப்போய் இருக்கும், சிஓடி, அதாவது தண்ணியில இருக்குற அழுக்கை ரசாயனத்தால சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற அளவு, லிட்டருக்கு 4,000ல இருந்து 6,000 மில்லிகிராம் வரைக்கும் போகும். மரவள்ளியில இயற்கையாவே இருக்குற லினமாரின்ங்கிற பொருள் உடைஞ்சு வர்ற சயனைடும் கொஞ்சம் அதுல கலந்திருக்கும். ஆத்துல விடணும்னா பிஓடி, அதாவது அந்த அழுக்கைக் கிருமி தின்ன எடுத்துக்குற ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், நெலத்துப் பாசனத்துக்கு விடணும்னா 100க்குள்ள இருக்கணும், இதுதான் சட்டம். வசிஷ்ட நதிய பத்தி எங்க பக்கம் தெரியாதவங்க இல்ல, அது என்ன நெலமையில ஓடுதுன்னு ஆத்தூர் பாலத்து மேல நின்னு பாத்தாலே போதும்.

எங்க மில்லுல வரிசையா தெறந்த குட்டைதான் இருந்துச்சு, தண்ணி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு வழிஞ்சு போகும், வெயில்ல காயும். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் வந்து சண்டை எதுவும் போடல, அவரு கெணத்துத் தண்ணிய ஒரு குடத்துல கொண்டாந்து முன்னால வெச்சாரு. "மாப்ள, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது, நீயே பாரு"ன்னாரு. தண்ணி லேசா மஞ்சளா இருந்துச்சு, வாயில வெக்க முடியல. குட்டையில இருந்து கண்ணுக்குத் தெரியாம இன்னொண்ணும் போகுது, மீத்தேன். 100 வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு சூடு புடிச்சு வெக்கிற வாயு அது. குட்டையில கொப்புளம் கொப்புளமா வந்து ஒடையுது பாருங்க, அது அத்தனையும் வானத்துக்குப் போகுது, நாம இந்தப் பக்கம் வெறகு வாங்கி எரிக்கிறோம்.

இனி பிளான்ட் விஷயம். எல்லாரும் மொதல்ல கம்பெனிக்குப் போன் பண்ணி கொட்டேஷன் கேக்குறாங்க, என்னோட அனுபவத்துல அது கடைசியில செய்யவேண்டிய வேலை. மொதல்ல செய்யவேண்டியது மில்லுக்குள்ள எந்த எடத்துல எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்குறது. நாங்க காவாயில வி நாட்ச் தகடு, அதாவது V மாதிரி வெட்டின தகடு, வெச்சு மட்டத்தை மணிக்கு ஒருதரம் குறிச்சோம், குழாயில வர்றதுக்கு பக்கெட்டும் மொபைல்ல ஸ்டாப்வாட்ச்சும் போதும். பாத்தா கெழங்கு கழுவுறதுக்கும் நல்ல போர் தண்ணி, பால் பிரிக்கிறதுக்கும் நல்ல போர் தண்ணி. கெழங்குல இருக்குற சேத்தைக் கழுவ எதுக்குங்க நல்ல தண்ணி? மாவு டேங்க்ல ரெண்டாந்தரம் கழுவி வர்ற தண்ணி கிட்டத்தட்ட தெளிவாதான் இருக்கும், அதை ஒரு சம்ப்ல புடிச்சு கெழங்கு கழுவுற டிரம்முக்கு பம்ப் பண்ணோம், அவ்வளவுதான் மாத்தினது, ஒரு சின்ன மோட்டாரும் கொஞ்சம் பைப்பும். மொத்தத் தண்ணி மூணுல ஒரு பங்கு கொறஞ்சிடுச்சு. போர் ஓடுற நேரம் கொறஞ்சுது, கரண்ட் கொறஞ்சுது, முக்கியமா கட்டவேண்டிய டேங்க் சின்னதாச்சு. அளக்குறதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி ஆளு வந்து மில்லை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு போட்டுக் குடுத்த சைஸும், அளந்த கணக்கை வெச்சு நாங்க கடைசியா கட்டின சைஸும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் அவ்வளவு. அதே நேரத்துல மேல வழியிற தண்ணியில வெள்ளையா மாவு போறதையும் புடிச்சிடுங்க, இன்னொரு படியிற தொட்டி வெச்சா போதும், அது உங்க காசு.

அடுத்தது பிளீச்சிங். வெள்ளைக் கலருக்காக சில எடத்துல பிளீச்சிங், ஆசிட் எல்லாம் போடுற பழக்கம் இருக்கு. திங்கிற பொருள்ல அதைப் போடுறதே தப்பு, அதுக்கு மேல கேஸ் பிளான்ட்டுக்கு அது விஷம். பிளீச்சிங், கேஸ் உண்டாக்குற கிருமியைக் கொன்னுடும், சல்பூரிக் ஆசிட் போட்டா அந்த சல்பேட் எல்லாம் உள்ள போய் அழுகின முட்டை நாத்தம் அடிக்குற ஹைட்ரஜன் சல்பைடா மாறி வரும். பிளான்ட் போடணும்னு முடிவு பண்ணா இதை நிறுத்தாம ஆரம்பிக்கவே கூடாது.

பர்மிஷன் பத்தி ரொம்ப பயப்படுறாங்க, அவ்வளவு பயம் வேண்டாம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல ஆன்லைன்லதான் அப்ளை பண்ணணும், 1974 தண்ணீர் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டுக்கும், கட்டுறதுக்கு முன்னாடி ஒரு இசைவாணை, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு இசைவாணை. தண்ணிக் கணக்குப் படம் கேப்பாங்க, எங்க இருந்து எவ்வளவு வருது, எங்க போகுதுன்னு. நாங்க முன்னாடியே அளந்து வெச்சிருந்ததால அது ஒரே ஒக்காறுல முடிஞ்சுது. லோனுக்குத்தான் அலைஞ்சோம். ஒரு பேங்க்ல மேனேஜருக்கு மாடு வளக்குறவங்க வெக்கிற சாண எரிவாயு மட்டும்தான் தெரியும், கழிவுத்தண்ணியில வர்ற கேஸுக்கு எப்படி கடன் குடுக்குறதுன்னு பைலை அப்படியே வெச்சிருந்தாரு. வேற பேங்க்ல கெடச்சுது, அங்கயும் வெறகு செலவு பில்லையும் ஒரு மில்லுல ஓடுற பிளான்டோட கணக்கையும் காட்டினதுக்கப்புறம்தான். மத்திய அரசு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தோட மானியம் கெடச்சாலும் அது பிளான்ட் ஓடி ஆய்வு முடிஞ்சதுக்கப்புறம் வர்ற பணம், அதை நம்பி சிமெண்ட் வாங்காதீங்க.

கட்டுறது சீசன் இல்லாத மாசத்துல. தண்ணி மொதல்ல மண்ணு படியிற தொட்டிக்கு, அங்க இருந்து பிஎச் சரிபண்ற தொட்டிக்கு, அப்புறம் டைஜஸ்டருக்கு, அதாவது கேஸ் உண்டாகுற மூடின டேங்குக்கு, போய் அடியில இருந்து மேல ஏறும். மண்ணுத்தொட்டிய யாரும் சின்னதா கட்டிடாதீங்க, கெழங்கோட வர்ற செம்மண்ணு உள்ள போய் அடியில ஒக்காந்துடுச்சுன்னா வெளிய எடுக்க ஒரு வழியும் இல்ல.

ஸ்டார்ட் பண்றதுதான் பெரிய வேலையே. டைஜஸ்டர்னா மாட்டு வயிறு மாதிரின்னு வெச்சுக்கோங்க, புதுசா கட்டின டேங்க்ல கிருமி கெடையாது. ஏற்கனவே ஓடுற ஒரு பிளான்ட்ல இருந்து டேங்கர்ல கசடு வாங்கி விட்டோம், கூட சாணிக்கரைசலும் போட்டோம். உள்ள ரெண்டு வகை கிருமி வேலை செய்யும், ஒண்ணு மாவை அமிலமாக்கும், இன்னொண்ணு அந்த அமிலத்தைத் தின்னு மீத்தேன் ஆக்கும். மொதலாவது வேகமா பெருகும், ரெண்டாவது ரொம்ப மெதுவா. அவசரப்பட்டு முழுத் தண்ணியையும் விட்டா அமிலம் ஏறி பிஎச் எறங்கிடும், 6.5க்குக் கீழ போச்சுன்னா மீத்தேன் கிருமி வேலைய நிறுத்திடும், அப்புறம் டேங்க் முழுக்க புளிச்ச தண்ணி. அதனால மொதல்ல மொத்தத் தண்ணியில ஒரு சின்ன பங்குதான் உள்ள போகணும், மீதி பழைய குட்டைக்கு. வெளிய வர்ற தண்ணியோட பிஎச் 7ஐ ஒட்டி நிலையா நின்னா மட்டும் கொஞ்சம் ஏத்தணும். எங்களுக்கு ஒரு தடவை 6.4 வரைக்கும் எறங்குச்சு, உள்ள விடுற கழிவுத்தண்ணிய நிறுத்தி சுண்ணாம்புத்தண்ணி விட்டு காத்திருந்தோம், தானா ஏறி வந்துச்சு. வெளிய வர்ற தண்ணியில ஒரு பங்கை திருப்பி உள்ள வர்ற தண்ணியோட கலந்தா அதுல இருக்குற காரத்தன்மையே போதும், சுண்ணாம்பு செலவு பாதியா கொறையும். மரவள்ளித் தண்ணியில மாவுச்சத்து ஏராளம், நைட்ரஜன் கம்மி, அதனால கொஞ்சம் யூரியா, கொஞ்சம் டிஏபி உரம் கலக்கணும், இதை எங்களுக்கு பிளான்ட் கம்பெனிக்காரங்க சொல்லவே இல்ல, பிளான்ட் ஓட்டுற இன்னொரு மில்லுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

மொதல்ல வர்ற கேஸு எரியாது, பயந்துடாதீங்க. கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தியா இருக்கும், பத்தவெச்சா அணைஞ்சு அணைஞ்சு போகும். மீத்தேன் பாதிக்கு மேல வந்ததும் நீலமா நின்னு எரியும். எங்க வறுவல் அடுப்புல வேலை செய்யுற அக்கா மொத நாள் அந்த நீல நெருப்பைப் பாத்துட்டு, "தம்பி, பொகையே காணோமே, நெசமா எரியுதா?"ன்னு கையை நீட்டிப் பாத்தாங்க. பத்து இருவது வருஷமா வெறகுப் பொகையில கண்ணு எரிஞ்சு நின்னவங்க அவங்க.

கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 5 கிராம் சிஓடின்னா 500 கிலோ. அதுல 80 சதவீதம் கொறைஞ்சா 400 கிலோ. கிலோவுக்கு 0.35 கனமீட்டர் மீத்தேன் வரும்னு கணக்கு, அப்போ 140 கனமீட்டர் மீத்தேன், கேஸா பாத்தா 230 கனமீட்டர் பக்கம். ஒரு கனமீட்டர் கேஸுக்கு மூணரை கிலோ வெறகு சமம், அப்போ தெனம் கிட்டத்தட்ட 800 கிலோ வெறகு. இது மேல்மட்டக் கணக்கு, நடைமுறையில கொஞ்சம் கொறையும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. ஜெனரேட்டர் போடலாமான்னு கேப்பாங்க, பெரிய மில்லுன்னா சரி, சின்ன மில்லுக்கு என் கருத்து நேரா அடுப்புல எரிக்கிறதுதான். ஜெனரேட்டர்ல போட்டா கேஸுல இருக்குற சக்தியில மூணுல ரெண்டு பங்கு சூடா வெளிய போயிடும், சல்பைடை முழுசா எடுக்கலேன்னா இஞ்சினை அரிச்சிடும், மின் ஆய்வுத்துறை அனுமதியும் தனியா வாங்கணும். அடுப்புக்கும் சல்பைடை எடுக்கத்தான் வேணும், நாங்க துருப்புடிச்ச இரும்புத்தூள் நெரப்பின டிரம் வழியா விடுறோம், அப்பப்போ தூளை மாத்தணும். கேஸு பைப்புல தண்ணி தேங்காம வாட்டம் குடுத்து தாழ்வான எடத்துல வடியவிட வால்வு வெக்கணும்.

இதை மட்டும் தயவு செஞ்சு மறக்காதீங்க, எந்தக் காரணத்துக்கும் ஆளை டேங்குக்குள்ள எறக்காதீங்க. சல்பைடு அளவு ஜாஸ்தியானா நாத்தமே தெரியாது, மூக்கு செத்துடும், அடுத்த மூச்சுல ஆளு விழுந்துடுவாரு, தூக்கப் போறவரும் விழுவாரு. எங்க மில்லுல மேல ஏணிக்குப் பூட்டு போட்டு சாவிய நான்தான் வெச்சிருக்கேன்.

கேஸு எடுத்துட்டா தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. டைஜஸ்டர்ல இருந்து வெளிய வர்றது நெலத்துக்கு விடுற அளவுக்கு இருக்காது, காத்து அடிக்குற தொட்டியும் அதுக்கப்புறம் படியிற தொட்டியும் கட்டாயம் வேணும், அதுக்கு கரண்ட் செலவு ஆகும், அதை முதல் நாள்லயே பட்ஜெட்ல சேத்துக்கோங்க. நாங்க அதுக்கப்புறம் வர்ற தண்ணிய எங்க தென்னைக்கும் நேப்பியர் புல்லுக்கும் பாய்ச்சுறோம், மழைக்காலத்துல நெலம் குடிக்காதுங்கிறதால தனியா ஒரு தேக்குத்தொட்டியும் கட்டினோம், அடியில ஷீட் விரிச்சு. மாமா கெணத்துத் தண்ணிய வருஷத்துக்கு ரெண்டு தடவை நாங்களே லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட்டை அவர் கையில குடுத்துடுறோம். நெறம் தெளிஞ்சிடுச்சு, உப்பு இன்னும் முழுசா எறங்கல, நெலத்தடி தண்ணி ஒரே வருஷத்துல மாறாது.

சீசன் முடிஞ்சா டைஜஸ்டர் என்ன ஆகும்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒண்ணும் ஆகாது, கசடை வெளிய எடுக்காம அப்படியே விட்டா மாசக்கணக்குல கெடக்கும், திரும்ப கெழங்கு வந்ததும் பழையபடி கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா வேகமா பிக்கப் ஆயிடும், புதுசா ஆரம்பிச்ச அளவுக்குக் கஷ்டம் இருக்காது. பாக்கணும்னு நெனைக்கிறவங்க கெழங்கு ஓடுற மாசத்துல வாங்க, சும்மா நிக்கிற பிளான்டைப் பாத்தா ஒண்ணும் புரியாது, வரும்போது உங்க மில்லு தண்ணிக் கணக்கை எழுதி எடுத்துட்டு வாங்க.