அத்தையின் மடியில் ஒரு கட்டைப்பை

தக்கலையில் பஸ் ஏறியதிலிருந்து அத்தை அந்தக் கட்டைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

உள்ளே 24 மணி நேரம் சேர்த்த சிறுநீர் கேன். நாகர்கோவில் லேபில் கொடுக்க வேண்டும். பக்கத்து சீட்டுப் பாட்டி, “என்ன மக்களே, மீனா?” என்று கேட்க, கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிவதற்கு. முழு அளவில் போட்டும் பிரஷர் அடங்கவில்லை. நடுநடுவே மண்டையிடி, படபடப்பு, ஃபேனுக்கு அடியிலும் வியர்வை. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். கருவாட்டைக் குறை, கவலையைக் குறை என்று ஊரே சொன்னது. புது டாக்டர்தான் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகித்தார்.

அங்கே ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தால் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்களைக் கொட்டும். அபூர்வம்தான். ஆனால் அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்பது காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அந்த ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்து, அப்புறம் ஆபரேஷன். பெரும்பாலும் குணமாகும். ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்கு பெல்சூட்டிஃபான் மாத்திரையை அமெரிக்காவில் 2025-இல் அனுமதித்தார்கள்.

இதைவிட ரொம்பப் பரவலானது, அதே சுரப்பியில் சுரந்து உடம்பில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவது. 1955-இலேயே அமெரிக்க டாக்டர் ஜெரோம் கான் விவரித்த நோய். பல பேருக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய மாத்திரையே கேட்கும். எனக்கு ஆற்றாமை இங்கேதான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டியதை விட்டுவிட்டு, எத்தனை பேர் வருஷக்கணக்கில் உப்பை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அத்தைக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் மூன்று மாத்திரைக்கு அடங்காத பிரஷர் இருந்தால், ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனும், அதைத் தூண்டிவிடும் ரெனினும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.