சொக்கட் செட் வாங்குமுன் நட்டுகளை எண்ணுங்கள்

சொக்கட் செட், அதாவது நட்டின் மேல் மாட்டித் திருப்பும் குழாய்ச் சாவிகளின் பெட்டி, வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, முற்றத்தில் நிற்கும் வண்டிகளைச் சுற்றி வந்து, வீட்டில் கழற்ற வேண்டி வரும் நட், போல்ட் ஒவ்வொன்றின் சைஸையும் எழுதிக்கொண்டோம். ஜப்பான் வேன் ஒன்று, இந்தியத் திரீவீலர் ஒன்று, மோட்டார் சைக்கிள் ஒன்று. இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அந்த ஒரு பக்கக் கணக்கு கையில் இல்லாமல் போயிருந்தால், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஹார்ட்வெயார் கடை முகப்பிலேயே அடுக்கி வைத்திருக்கும் 24 துண்டு அரை இஞ்சி செட்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்போம்.

ஜப்பான் வண்டியில் திரும்பத் திரும்ப வந்தவை 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர். டயர் நட் 19 அல்லது 21. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பான்காரர்களின் முறையில் போல்ட்டின் தண்டு 6 மில்லிமீட்டர் என்றால் தலை 10. தண்டு 8 என்றால் தலை 12, தண்டு 10 என்றால் 14, தண்டு 12 என்றால் 17. இந்திய, ஐரோப்பிய வண்டிகளில் அதே 8 தண்டுக்குத் தலை 13. தண்டு 10க்கு 16 அல்லது 17, தண்டு 12க்கு 18 அல்லது 19. ஆகவே வேனும் திரீவீலரும் ஒரே முற்றத்தில் நிற்கும் வீட்டுக்கு 12, 13 இரண்டுமே கட்டாயம். 13 சொக்கட்டை 12 தலையில் போட்டுத் திருகிப் பார்ப்பதால்தான் பாதி போல்ட்டுகள் உருண்டை ஆகின்றன. சில செட்டுகளில் 16, 18 இருக்காது, சிலவற்றில் 13ஏ இருக்காது. மூடியில் ஒட்டியிருக்கும் துண்டு எண்ணிக்கையை நம்ப வேண்டாம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பிட், ஹேண்டில், மூட்டு எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை வரும்.

அந்த 24 துண்டு செட் பொதுவாக 10இல் தொடங்கி 32இல் முடியும். 8 அதில் கிடையாது. 24, 27, 30, 32 எல்லாம் வீட்டில் தூங்கும். 30ம் 32ம் முன்சில்லு எக்ஸல் நட்டுக்கு வரும்தான். ஆனால் அந்த நட் பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை (இறுக்கத்தின் அளவு) தாண்டி இறுக்கப்பட்டிருக்கும், அது கராஜ் வேலை.

பெரிய பிழை சைஸில் நடப்பதை விட டிரைவில்தான் அதிகம் நடக்கிறது. டிரைவ் என்பது ரெச்செட்டில், அதாவது ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடியில், சொக்கட் மாட்டும் சதுரம். கால் இஞ்சி, மூன்று நூல் (3/8 இஞ்சி), அரை இஞ்சி என்று மூன்று வகை. வண்டியில் அதிகம் இருப்பது 10 தலை போல்ட். டெப்பட் கவர், எயார் கிளீனர், பெட்டரி கிளாம்ப், பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதுதான். தண்டு 6 மில்லிமீட்டர், இறுக்கம் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். அரை இஞ்சி ரெச்செட்டின் நீளம் 250 மில்லிமீட்டர். அதன் நுனியில் வெறும் 4 கிலோ பாரத்தில் கை வைத்தாலே அந்த 10 வந்துவிடும். கையை இழுத்துப் பழகிய ஒருவருக்கு 4 கிலோ தெரியவே தெரியாது. இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும்போது போல்ட் இலேசாக இளகுவதுபோல் இருக்கும், பிறகு "டிக்" என்று தலை கையோடு வந்துவிடும், தண்டு அலுமினியத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கத் துளை போட வேண்டும். அதே போல்ட்டுக்கு 200 மில்லிமீட்டர் நீளமுள்ள மூன்று நூல் ரெச்செட் என்றால் 5 கிலோ, 140 மில்லிமீட்டர் கால் இஞ்சி என்றால் 7 கிலோவுக்கு மேல். குட்டையான கைப்பிடியில்தான் போல்ட் இருக்கையில் உட்காருவதைக் கை உணரும்.

அதனால் நாங்கள் எடுத்த முடிவு இது: முதல் செட் மூன்று நூல் டிரைவில், 8இல் இருந்து 19 வரை, ஒரு சைஸும் விடுபடாமல். அதோடு 10, 12, 13, 14 நான்கில் நீட்டுச் சொக்கட். போல்ட் தண்டு நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், சைலன்சர் ஸ்டட்டிலும் ஷொக் எப்சோபர் மேல் நட்டிலும், குட்டைச் சொக்கட் நட்டைத் தொடவே தொடாது. ரெச்செட்டுக்கும் சொக்கட்டுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பி 75, 150, 250 மில்லிமீட்டர் என்று மூன்று. டயர் நட்டுக்கு மட்டும் அரை இஞ்சியில் தனியாக இரண்டு, மூன்று சாமான்கள். கால் இஞ்சி செட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர் அதையே முதலில் வாங்கினாலும் தப்பில்லை.

சொக்கட்டின் உள்வாய் ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆறு மூலைதான். பன்னிரண்டு மூலைச் சொக்கட் எந்தக் கோணத்திலும் சட்டென்று உட்காரும், உண்மை. ஆனால் தலையை மூலையோரத்தில்தான் பிடிக்கும். மேல்கொத்மலைப் பக்கத்து மழையில் ஊறித் துருப்பிடித்த போல்ட்டின் மூலை ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஆறு மூலைச் சொக்கட்டிலும் நல்லதை உள்ளே பார்த்தால், மூலைகள் கூராக வெட்டப்படாமல் சின்ன வளைவாகக் குடைந்திருக்கும். அந்த வளைவு இருந்தால் பாரம் போல்ட் தலையின் தட்டைப் பக்கத்தில் விழும், மூலை தப்பும்.

கடையில் பார்க்க வேண்டியவை. குரோம் வனேடியம் (உருக்கு வகை) என்று அச்சடித்திருப்பது ஒரு தொடக்கம் மட்டுமே, அதை யாரும் அச்சடிக்கலாம். கையில் ஒரு புதிய 10 தலை போல்ட்டும் நுணுக்கமாக அளக்கும் வேர்னியரும் கொண்டுபோங்கள். சொக்கட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை உள்ளே அளந்தால் 10.04க்கும் 10.19க்கும் நடுவில் வர வேண்டும். 10.2ஐத் தாண்டினால் வேண்டாம். வேர்னியர் இல்லாவிட்டால் போல்ட்டில் மாட்டி இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வாய்ப் பகுதி. சில மலிவுச் சொக்கட்டுகளில் வாயை உள்பக்கம் அகலமாகச் சரித்து வெட்டியிருப்பார்கள். போல்ட் தலை உயரம் 5 மில்லிமீட்டர் என்றால் அதில் 2 சரிவிலேயே போய்விடும், பிடிப்பது 3 மட்டும். மூன்றாவது முலாம். விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், பிசிறு தட்டினால் அந்த முலாம் உரியும். உரிந்த குரோம் சவர பிளேட் மாதிரி கையைக் கிழிக்கும்.

"முதலாளி, இந்த 10ஐ மட்டும் மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டால், "செட்டை உடைக்க மாட்டோம் தம்பி" என்றுதான் பதில் வரும். ஆகவே 10, 12, 13, 14 என்ற நான்கையும் வாங்குமுன்பே அளந்துவிடுங்கள். மற்றவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஓடும். 10 தொலையும் என்பதையும் கணக்கில் எடுங்கள், தனியாக நல்லதாக இன்னொன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

ரெச்செட்டில் பல் எண்ணிக்கை முக்கியம். 24 பல் என்றால் ஒரு தடவை பிடிக்க 15 பாகை திருப்ப வேண்டும், 36 என்றால் 10 பாகை, 72 என்றால் 5 பாகை. வேனின் சீட்டுக்குக் கீழே இருக்கும் எஞ்சினில் கை நுழையும் சந்தில் 15 பாகை கிடைக்காது. 72 பல் வாங்குங்கள். திசை மாற்றும் லீவரை இரு பக்கமும் பத்துத் தடவை தட்டிப் பாருங்கள், நடுவில் நின்றால் அது ஒருநாள் பாரத்தில் வழுக்கும், விரல் முட்டி பொடியாகும். ரெச்செட்டுக்குப் பைப் போட்டு நீட்டிக் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு நாக்கு அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல.

இறுகிய நட்டுக்கு பிரேக்கர் பார் இருக்கிறது. அரை இஞ்சியில் 450 முதல் 600 மில்லிமீட்டர் நீளம். இது ஒரு தடித்த கம்பி, உடைய உள்ளே எதுவும் இல்லை. 19, 21 டயர் நட் சொக்கட்டுகளைக் கறுப்பு நிற இம்பெக்ட் வகையில், சுவர் மெல்லியதாகப் பார்த்து வாங்கினோம். தடித்த சொக்கட் அலோய் ரிம் துளைக்குள் நுழையாது, நுழைந்தாலும் பெயின்டைச் சுரண்டும். நட்டை அடித்துத் திருப்பும் பெட்டரி கன் வைத்திருப்பவர் பளபளக்கும் குரோம் சொக்கட்டை அதில் மாட்டவே கூடாது. அது கடினம் கூடியது, அடியில் வெடித்துத் தெறிக்கும்.

மலைப் பாதையில் டயர் கழற்றுவதற்குத் தனி ஒழுங்கு உண்டு. முதலில் பள்ளப் பக்கச் சில்லுகளுக்குக் கல் வைக்க வேண்டும். ஜெக் ஏற்றுமுன், சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். பாரை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது சொக்கட் வழுக்கினால் ஆள் கானுக்குள்தான்.

குறித்த இறுக்கம் வந்ததும் "கிளிக்" என்று காட்டும் டோர்க் ரெஞ்ச் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் கினிகத்தேனை வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்கும் வண்டியின் சில்லை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பல டொயோட்டா கார்களுக்கு டயர் நட் 103 நியூட்டன் மீட்டர், பல ஹொண்டா கார்களுக்கு 108. உங்கள் வண்டியின் கைந்நூலில் உள்ளதுதான் கணக்கு. 28 முதல் 210 வரை காட்டும் அரை இஞ்சி ரெஞ்ச் ஒன்று போதும். அதன் அளவின் அடிப்பகுதி நம்பத்தகாதது, 10 தலை போல்ட்டை அதால் இறுக்க வேண்டாம். "கிளிக்" கேட்டதும் நிறுத்த வேண்டும், உறுதிக்காக இன்னொரு தடவை இழுத்தால் அளவு கூடிவிடும். போல்ட்டின் திருகு நூலில் ஒயில் பூசியிருந்தால் அதே எண்ணில் நட் இன்னும் அதிகமாக இறுகும், ஆகவே காய்ந்த நூலில்தான் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கட் தனி. பழைய எஞ்சின்களில் 21, புதியவற்றில் பெரும்பாலும் 16, மோட்டார் சைக்கிளில் 16 அல்லது 18. உள்ளே ரப்பர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக் ஆழமான துளைக்குள் விழுந்து இடைவெளி நசுங்கும்.

தோட்டத்தில் பெக்டரி வேலை பார்ப்பவர்கள் கேட்பது வேறு. பழைய ரோலர், தேயிலை உலர்த்தும் சிரோக்கோ டிரையர், பழைய பம்ப் எல்லாம் இங்கிலாந்துக் காலத்துச் சாமான்கள். அவற்றில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு முறைப் போல்ட் இருக்கும். மில்லிமீட்டர் சொக்கட்டும் இஞ்சிச் சொக்கட்டும் இரண்டுமே அதில் சரியாக உட்காராது. விட்வொர்த் போல்ட்டின் தண்டு கால் இஞ்சி என்றால் தலை 13.3 மில்லிமீட்டர், மூன்று நூல் 18.0, அரை இஞ்சி 23.4. மூன்று நூலுக்கு மட்டும் 18 சொக்கட் பொருந்தும், மற்றவற்றில் முயன்றால் தலை போகும். முழு செட் தேடாமல், தேவையான இரண்டு மூன்றைத் தனித்தனியாக வாங்குவதே வழி. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவருக்கு இஞ்சி சைஸ்கள் வேண்டும். அதில் 5/16க்கு 8, 5/8க்கு 16, 3/4க்கு 19 ஓடும். 1/2 இஞ்சி 12.7, அதற்கு 13 தளர்வு, அங்கே சமாளிக்க வேண்டாம்.

கடைசியில் ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை வருடத்தில் பாதி நாள் விடாது. நனைந்த சொக்கட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடினால் பத்தே நாளில் உள்பக்கம் செம்பட்டை கட்டும், ஏனென்றால் அங்கே முலாம் மெல்லியது. துணியால் துடைத்து, எஞ்சின் ஒயில் தொட்ட துணியை ஒரு தடவை உள்ளே சுழற்றி எடுங்கள். ரெச்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தால் மெல்லிய ஒயில் மட்டும் இரண்டு சொட்டு விடுங்கள். சில்லு பெயாரிங்குக்குப் பூசும் கிரீஸ் வேண்டாம். நுவரெலியாவின் மார்கழிக் காலையில் அது கெட்டியாகி நாக்கைப் பல்லுக்குள் விழவிடாது, வழுக்குவது அதனால்தான்.